மீட்டர்காரர் வீட்டு வண்டி

இன்சூரன்ஸ்காரர் காரின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தபோது, அவள் டீத் தட்டோடு ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மீட்டரைப் பார்க்கப்போகிறார்.

போன வருடமும் இதே ஆள்தான் வந்தார். இதே மாதிரி குனிந்து, வண்டி ஓடிய கிலோமீட்டரைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். ரோட்டுக்கே போகாமல் நிற்கிற பழைய வண்டிகளுக்கென்று தனியாக ஒரு பாலிசி இருக்கிறது, கட்டணம் கொஞ்சம்தான், தீப்பிடித்தாலும் திருடுபோனாலும் பணம் வரும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. வண்டி ஷெட்டை விட்டு நகரக்கூடாது.

நகராது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அவள் கணவர்.

மின்சார ஆபீஸில் அவருக்கு வேலையே மீட்டர் சோதிப்பதுதான். எந்த மீட்டரில் யார் கைவைத்திருக்கிறார்கள் என்று சீலைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். தெருவில் அவருக்குப் பெயரே மீட்டர்காரர். அவளுடைய அண்ணன் தன் பட்டறை மீட்டரைப் பின்னால் திருப்பி வைத்திருந்ததைப் பிடித்ததும் அவர்தான். மச்சான் என்று பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவுமில்லை. ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. அண்ணன் இந்த வீட்டுப் படியை மிதிப்பதே இல்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷர் மனசைக் கொடுத்தது இந்தக் காருக்குத்தான். துருப்பிடித்த கூடாக வாங்கிவந்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, கதவைப் புதிதாக வளைத்து, சீட்டுக்குத் தோல் தைக்க வைத்து, ஒவ்வொரு திருகாணியையும் தன் கையாலேயே முடுக்கியவர். உறவுக்காரர்கள் காரை அவளுடைய சக்களத்தி என்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். ஞாயிறானால் இன்ஜினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அணைத்துப் போர்வையைப் போர்த்திவிடுவார். வெளியே எடுக்க மனசு வராது. யாராவது கீறிவிட்டால்?

சக்களத்தியை ஊர் சுற்றக் கூட்டிப்போனது அவள்தான்.

தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பழகினாள். கிளாஸ் முடிந்து ஒரு தலையணை உறைகூடத் தைக்கவில்லை. அவரும் கேட்டதில்லை.

அவர் வேலைக்குக் கிளம்பியதும் வண்டியை எடுப்பாள். புறவழிச்சாலையின் கடைசி வரைக்கும் போவாள், திரும்பி வருவாள். யாரையும் பார்க்கப் போகவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் யாரும் அவளை எதற்கும் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். மீட்டரில் கடைசி எண் உருண்டு மாறும்போதெல்லாம் இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிக்கொள்வாள். அடுத்த வாரம் கை மறுபடியும் சாவியைத் தேடும். ஊர் மீட்டரையெல்லாம் பார்க்கிறவர் சொந்த வண்டி மீட்டரை எட்டிப் பார்ப்பதில்லை என்ற தைரியம்.

அந்தத் தைரியம் இப்போது உதவாது.

எண் ஒத்துப்போகாவிட்டால் பாலிசி ரத்து, வேறு கம்பெனிக்காரனும் சீந்தமாட்டான் என்று இன்சூரன்ஸ்காரர் வந்தவுடனேயே சொல்லியிருந்தார். போனால் போகட்டும். ஆனால் வெளியாள் முன்னால் மீட்டர்காரர் பொய்க் கையெழுத்துப் போட்டவராக நிற்பாரே. அதற்கப்புறம் அவளையும் திட்டமாட்டார். பேச்சை மட்டும் நிறுத்திவிடுவார். ஒரே கூரைக்குள் அதை எத்தனை வருஷம் தாங்குவது?

இன்சூரன்ஸ்காரர் போன வருடப் படத்தைத் தேடி எடுப்பதற்குள் சொல்லிவிடுவது மேல்.

"ஏங்க..." என்றாள்.

கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. "டீ ஆறுது. அவருக்குக் குடு."

இன்சூரன்ஸ்காரர் செல்போனையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அப்படியே இருக்கு சார். ஒரு நம்பர்கூட அசையல."

தட்டைக் கீழே வைத்தாள். எண்கள் உருண்டதைக் கண்ணால் பார்த்தவள் அவள். பழுதாகியிருந்தால் நின்றுபோயிருக்கும். ஓடியது எப்படிப் பின்னால் வரும்?

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடப் பாலிசியையே போட்டுவிடலாமா என்றார் இன்சூரன்ஸ்காரர். வேண்டாம், ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள் என்றார் கணவர். அது ரொம்ப ஆகுமே சார், நகராத வண்டிக்கு எதற்கு என்று தன் கமிஷனையே மறந்து இழுத்தார் அவர். எங்கேயாவது இடித்துவிட்டால் வண்டிக்கு மட்டும்தான் தருவீர்களா, உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற ஆளுக்கும் உண்டா என்று கணவர் கேட்டார்.

ஆளுக்கும் உண்டு.

அப்படியானால் அதுதான் என்றார்.

சரி, ஓட்டுகிறவர் லைசென்ஸைக் கொடுங்கள் என்று இன்சூரன்ஸ்காரர் அவரிடம் கையை நீட்டினார்.

கணவர் பர்ஸைத் தொடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஆள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"போய் உன் லைசென்ஸை எடுத்துட்டு வா. பீரோவுல, கம்பளிக்கு அடியில இருக்கும்."