இரண்டாவது பூச்சு

அம்மாவின் கார் எண்பதாயிரத்துக்குப் போனது. அது அவளுக்குத் தெரியாது.

இப்போது ஷெட்டில் நிற்பது எஞ்சின் செத்த வேறொரு வண்டி. கண் ஆபரேஷனுக்காக அவள் மருத்துவமனையில் இருந்த நாட்களில், கடை நஷ்டத்தில் கழுத்துவரை மூழ்கியிருந்த அண்ணன் அவள் காரை விற்றுவிட்டு இதைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆபரேஷன் கைகொடுக்கவில்லை. பார்வை போனது போனதுதான்.

மாடல் அதே. நிறம் வேறு.

“அம்மா பாக்கப்போறதில்ல, கலருக்கு எதுக்குத் தனியாக் காசு?” என்று வியாபாரம் பேசியவன்தான், அம்மா எப்போதோ வாசல் தூணில் இடித்த பள்ளத்தை இதிலும் அதே இடத்தில் சுத்தியலால் அடித்துவைத்தான். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை.

“தெரிஞ்சிடுச்சுன்னா அப்புறம் நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்” என்று என்னிடம் சொல்லியிருந்தான். ரோஷக்காரன். செய்தாலும் செய்வான்.

மாதத்தின் முதல் ஞாயிறு, வண்டியைக் கழுவி மெழுகு போட அண்ணன் வரும் நாள். வெயிலில் மெழுகு போட்டால் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும், ஷெட்டை விட்டு வண்டி நகரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நல்லவேளை, இது எங்கே நகரப்போகிறது.

அண்ணன் மேலிருந்து கீழாகக் கழுவித் துடைத்தான். அம்மா வலது கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டாள். வெறும் கைக்குத் தட்டுப்படாத தூசுகூட, பைக்குள் இருக்கும் விரலுக்கு மணல்போல நெருடும்.

பானெட்டில் ஆரம்பித்தாள்.

“டேய் பெரியவனே, இது என்ன, உப்புத்தாள் ஒட்டி வெச்சிருக்கியா?”

“தொடச்சேன்மா.”

“தொடச்சியா, தடவிக் குடுத்தியா?”

சின்ன வயதிலும் இதே ரகளைதான். கூரைக்கு எக்கித் துடைக்க வேண்டும், அதற்குத் தனி ரேட் என்பான் அண்ணன். நாலு சக்கரத்தையும் சேர்த்துச் செய், மொத்த விலை தருகிறேன் என்பாள் அம்மா. துணிக்கடைக்காரி, கஜக்கோலை ஒரு நூல் தள்ளிப் பிடிக்க மாட்டாள், சல்லிசாகவும் எதையும் விட மாட்டாள். பேரம் முடிவதற்குள் மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருப்போம். அப்படியே எங்களை ஏற்றிக்கொண்டு, எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு, எங்கேயும் போவதற்கில்லாமல் ஓட்டுவாள். சட்டை காயும் வரைக்கும்.

கை பள்ளத்துக்கு வந்தது.

மாதாமாதம் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம். இன்று விரல்கள் அதை ஒரு முறை சுற்றின. இன்னொரு முறை சுற்றின. அவன் கையில் பாதி பிழிந்த துணி அப்படியே நின்றது.

“வாளித் தண்ணி நாறுது. மாத்திட்டு வா” என்றாள் அம்மா.

பின்கட்டில் குழாய்ச் சத்தம் கேட்கும்வரை பொறுத்தாள்.

“சின்னவளே, எவ்வளவுக்குக் குடுத்தான்?”

“எதம்மா?”

“என் காரை.”

எங்கள் வீட்டில் பொய் சொன்னால்கூட மன்னிப்பு உண்டு, விலையை மாற்றிச் சொன்னால் கிடையாது. சொன்னேன்.

உச்சுக்கொட்டினாள். “இன்னும் பத்து சேத்து வாங்கியிருக்கலாம். அவசரக்குடுக்கை.”

“எப்போம்மா தெரிஞ்சுது?”

“வந்த அன்னிக்கே. என் இடுப்புக்குன்னே அமுங்கின சீட்டு எங்க, இந்தப் பலகை எங்க!” கை இன்னும் பள்ளத்தை விடவில்லை. “இதையும் அடிச்சு வெச்சிருக்கான் பாரு. இவ்வளவு அக்கறையா ஏமாத்த எனக்கு வேற யாருடி இருக்கா?”

“சொல்லிடலாமா? பாவம், நிம்மதியாவாவது இருப்பான்.”

“வாயைத் தெச்சிடுவேன். இந்த வண்டி வர்றதுக்கு முன்னாடி அவன் எப்போ இந்தப் பக்கம் வந்தான்? யோசிச்சுச் சொல்லு.”

யோசித்தேன். போனில் பேசியது நினைவு வந்தது. நேரில் வந்தது வரவில்லை.

அண்ணன் வாளியோடு திரும்பினான். மறுபடி கழுவல், மறுபடி துடைப்பு. அப்புறம் மெழுகு. அம்மா சொல்லச்சொல்ல, வட்டம் போடாமல் நேர்க்கோடாக, மெல்லிசாக இழுத்தான். பனி படிந்ததுபோல வெளுத்ததும் விரலால் ஒரு கோடு கிழித்துக் காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். துடைத்தாயிற்று. வண்டி பளபளவென்று, தன் வயசை மறைத்துக்கொண்டு நின்றது.

“சரிம்மா, கெளம்பறேன்.”

“எங்க கெளம்பற? ரெண்டாவது பூச்சு போட்டாத்தான் மினுக்கு தங்கும்.”

“குடு, போட்டுட்டே போறேன்.”

“இப்பவே போட்டா ரெண்டும் சேந்து உரியும். மொதப் பூச்சு ராத்திரி பூரா இறுகணும். காலைல போடு.”

“காலைல கடை தெறக்கணும்மா. அடுத்த மாசம் வேணா...”

“அடுத்த மாசத்துப் பேச்சை அடுத்த மாசம் பேசிக்கலாம்.”

அண்ணன் பள்ளத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். போனை எடுத்து, “நான் இன்னிக்கு வரல, அம்மா வீட்டுலயே படுத்துக்கறேன்” என்று அண்ணியிடம் சொன்னான்.

இத்தனை வருஷத்தில் அம்மா இரண்டாவது பூச்சு போட்டு நான் பார்த்ததே இல்லை.

அவள் கணக்கில் பற்று ஒரு கார். வரவில் இதுவரை மாதத்துக்கு ஒரு காலை இருந்தது. இன்றோடு ஓர் இரவும் ஏறியது.