மரந்தின்னி

நடந்து பழக்கமில்லாத கால். மண் கொதித்தது.

ஒதுங்க ஒரு நிழல் தேடினார். இல்லை. அடுத்த வளைவில் இருக்கும் என்று நடந்தார். அங்கேயும் இல்லை.

இந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறார், பல்லக்கில். பல்லக்குக்குள் வெயில் தெரியுமா என்ன!

மரத்துக்கு வரி என்பது அவருடைய யோசனைதான். வாசலோ வயல் வரப்போ, ஆள் உயரம் தாண்டிய மரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு பணம். வெறும் கணக்கராக இருந்தவரை அந்த ஒரு யோசனை வரி அமைச்சராக்கியது. கஜானா நிறைந்தது. ராஜா தன் கையாலேயே பட்டுக்குடை கொடுத்தார்.

ஜனங்கள் என்ன செய்வார்கள், பாவம். முடிந்தவரை கட்டினார்கள். முடியாதபோது கோடரியை எடுத்தார்கள். அவருக்கு மரந்தின்னி என்று பெயரும் வைத்தார்கள்.

அது அவர் காதுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டார்.

கடைசியில் ஊர் ஊராகத் திரண்டு அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டார்கள். ராஜாவுக்கு என்ன? அவரைக் கைகழுவிவிட்டார். குடையையும் செருப்பையும் பிடுங்கிக்கொண்டு கோட்டைக்கு வெளியே விட்டார்கள்.

வரி மட்டும் அப்படியே இருந்தது.

இனி போக்கிடம் என்றால் அக்கா வீடு ஒன்றுதான். தாயில்லாத அவரை வளர்த்தவள். அவள் வாசலில் ஓர் இலுப்பை மரம். அதன் கிளையில்தான் அவருக்குத் தூளி கட்டியிருந்தாள்.

வரி வந்த வருஷம் அவளும் அரண்மனைக்கு வந்தாள். அந்த ஒரு மரத்தை மட்டும் வரியிலிருந்து விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். அக்காவுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று சபையறிய மறுத்தார். எல்லாரும் மெச்சினார்கள். அன்று அவருக்கு எவ்வளவு பெருமை!

அவளும் வெட்டியிருப்பாள். வெட்டியிருந்தால் எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது?

ஏரிக்கரை ஏறியதும் தெரிந்துவிட்டது. மொட்டையாகக் கிடந்த ஊருக்கு நடுவில் அது ஒன்று மட்டும் பச்சையாக நின்றது.

கண் கலங்கியது. ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஊரே அந்த நிழலில்தான் இருந்தது. கூடை முடைகிறவர், கைப்பிள்ளைக்காரி, படுத்துக் கிடந்த கிழவர்கள். அவர் ஓரமாக ஒரு வேரின் மேல் உட்கார்ந்தார். பாதம் குளிர்ந்தது.

யாரோ ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். பேச்சு நின்றது.

ஒருவரும் ஏசவில்லை. கல் எடுக்கவில்லை. கூடை முடைந்தவர் கூடையோடு எழுந்து வெயிலுக்குள் போனார். பிள்ளைக்காரி முந்தானையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு போனாள். கிழவர்கள்கூட, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தங்கப் பாம்படம் தொங்கிய காதுகள் இப்போது வெறுமையாக ஆடின. வரியை எப்படிக் கட்டினாள் என்று அவர் கேட்கவில்லை.

“இத ஒண்ண மட்டும் வெட்ட மனசு வரல, தம்பி. நீ என்னைக்காவது வந்து உக்காருவன்னுதான் விட்டு வச்சேன்.”

வெயிலில் பிள்ளை வீறிட்டு அழுதது.

செம்பைக் கீழே வைத்தார். எழுந்து, நிழலைத் தாண்டி, தெருக்கோடி வரை போய் வெயிலில் நின்றார்.

திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் அழுகை நின்றது.