இருபது நிமிஷக் கொதி

தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிட்டது. ராஜமேரி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் எவர்சில்வர் பாத்திரம். அதற்குள் பல் பிடுங்கும் குறடு, கண்ணாடி சிரிஞ்சு, இரண்டு ஊசி. கொதி வந்ததிலிருந்து இருபது நிமிஷம் அப்படியே கிடக்க வேண்டும். ஒரு நிமிஷம் குறைந்தாலும் அதை இன்னொருத்தர் வாயில் வைக்கமாட்டேன் என்பார் பல் டாக்டர்.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் குறட்டைத் துண்டில் துடைத்துவிட்டே பல் பிடுங்கும் ஆள் ஒருத்தர் இருந்தார். போன மாசம் அவரிடம் பிடுங்கிக்கொண்ட காசியம்மாளுக்குத் தாடை வீங்கி, தர்மபுரிக்குத் தூக்கிப் போயும் பிழைக்கவில்லை. அந்த ஆள் இன்னமும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். அதிலிருந்து இருபது நிமிஷ விஷயத்தில் ராஜமேரி டாக்டரைவிடக் கறார்.

கடிகாரம் முன்னறைச் சுவரில். அவளோ திரைக்குப் பின்னால், ஸ்டவ்வை விட்டு நகர முடியாமல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். ஐம்பத்து மூன்று மணி செபமாலையை வாய்விட்டுச் சொன்னால் சரியாக இருபது நிமிஷம். டாக்டர் நம்பாமல் தன் கைக்கடிகாரத்தை வைத்து மூன்று நாள் சோதித்துப் பார்த்தார். உங்க மாதா என் வாட்ச்சைவிட கரெக்டா ஓடுறாங்களே என்று கேலி வேறு.

குடும்பமாக உட்கார்ந்து சொன்னால் இவ்வளவு நேரம் ஆகாது. ஒருத்தர் முன்பாதியைச் சொல்ல, முடிக்கிறதுக்குள் மற்றவர்கள் பின்பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். கால் மணியில் முடிந்துவிடும். ராஜமேரிக்குப் பின்பாதி சொல்ல ஆள் ஏது? பத்து வருஷமாக இரண்டு பாதியையும் அவளே சொல்லிக்கொள்கிறாள்.

இன்றைக்கு அதற்கும் வழியில்லை.

திரைக்கு அந்தப் பக்கம், கடிகாரத்துக்கு நேர் கீழே, தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சவுரியப்பன். அவள் கூடப்பிறந்த அண்ணன். சீட்டு எழுத டாக்டர் பேர் கேட்டபோது, பேரோடு நிற்காமல் பொம்மிடி என்று ஊரையும், செத்துப்போன அப்பா பேரையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார். காது மந்தமாகிவிட்டதோ என்னவோ.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் மாதையனைக் கட்டிக்கொண்டபோது, "இனிமே உன் சத்தம்கூட என் காதுல வுழக் கூடாது" என்று சொன்ன அண்ணன். நாலே வருஷத்தில் மாதையன் செத்தபோதும் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் எட்டிப்பார்க்கவில்லை.

இப்போது சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவார். ரோஷக்காரர். போனால், இந்த வலியோடு ஊர் திரும்புவாரா? நேரே பஸ் ஸ்டாண்டு ஆளிடம்தான் வாயைத் திறப்பார்.

அதனால் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். மணிகள் விரலுக்குள் ஓட்டமாய் ஓடின. மனசுக்கென்ன, அதற்கு மூச்சு வாங்க வேண்டுமா, நாக்கு புரள வேண்டுமா? பாதி மாலை போய்விட்டது. அது அஞ்சு நிமிஷமா, எட்டு நிமிஷமா, அந்த மாதாவுக்கே வெளிச்சம்.

"என்னம்மா, இன்னைக்கு ஜெபச் சத்தமே காணோம். ஆச்சுங்களா?" என்று டாக்டர் முன்னறையிலிருந்து கேட்டார்.

தட்டைத் திரைக்கு வெளியே நீட்டினால் போதும். யார் கேட்கப்போகிறார்கள்? காசியம்மாளின் தாடை நினைவுக்கு வந்தது. ராஜமேரி பாத்திரத்தைப் பார்த்தாள். தண்ணீர் வற்றி, குறட்டின் பிடி வெளியே தெரிந்தது. ஒரு செம்பு பச்சைத்தண்ணீரை ஊற்றினாள். கொதி அடங்கியது. இனி எல்லாம் முதலிலிருந்துதான்.

மறுபடியும் கொதி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். எப்போதும் சொல்கிற சத்தத்திலேயே ஆரம்பித்தாள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

பெஞ்சு கிறீச்சிட்டது. எழுந்துவிட்டார் என்றே நினைத்தாள். முன்பாதி முடிந்து மூச்சு வாங்கினாள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே..." வீங்கிய வாய்க்குள்ளிருந்து குழறலாக வந்தது.

சந்தோஷப்பட அவளுக்குத் தைரியம் வரவில்லை. முன்பாதி காதில் விழுந்தால் பின்பாதியைச் சொல்லாமல் விட அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. வழியில் போகிறவர்கள் சொன்னால்கூடச் சொல்வார்கள். குரல் அடையாளம் தெரிந்திருக்காது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆனாலும் பாதி சொன்னால் போதுமாயிருந்தது. நடுவே மூச்சு விட நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் அழுகை வந்தது. அதை விழுங்கிவிட்டு அடுத்த மணியைப் பிடித்தாள்.

ஐம்பத்து மூன்றாவது மணியும் வந்துவிட்டது. ஸ்டவ்வை அணைக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். இது இரண்டு பேர் சொன்னது. கால் மணிதான் ஆகியிருக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம் வேண்டும்.

மாலை முடிந்தது அவருக்கும் தெரியும். ஆமென் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

பதினெட்டு மணி பின்னால் தள்ளி, மறுபடியும் முன்பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள்.

தண்ணீர் மட்டும் கொதித்தது. பின்பாதியையும் தானே சொல்லிக்கொள்ள அவள் வாயெடுத்தாள்.

அதற்குள் அந்தக் குரல் வந்துவிட்டது. இந்தத் தடவை பெஞ்சிலிருந்து இல்லை. திரையை ஒட்டி நின்றுகொண்டு அண்ணன் கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடித்தார்.

"மெதுவாவே சொல்லு பாப்பா," என்றார். "பல்லு மட்டும் புடுங்கணும்னா பொம்மிடியிலயே புடுங்கியிருக்க மாட்டனா?"