வலி மிகும் இடம்

தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அதற்குக் காவல் நான்.

அறைக்குள் அண்ணி. கூடத்தில் அண்ணன். அண்ணன் கையில் பால் புட்டி. மடியில், புட்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறும் இரண்டு மாதக் குழந்தை.

பூட்டச் சொன்னதே அண்ணிதான். “அவன் அழுதா என்னால உள்ள உட்கார முடியாது தம்பி. நான் கெஞ்சினாலும் திறக்காதீங்க.”

அம்மா வாசனை பட்டால் பிள்ளை புட்டியைத் தொடமாட்டானாம்.

இன்றோடு நான்காவது நாள். காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறார். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன்.

எல்லாம் டாக்டர் சொன்னபடிதான். குழந்தைக்கு வயிறு உப்புசம், காலை மடக்கி மடக்கி அழுகை, மலத்தில் ரத்தக் கோடு. டாக்டர் விளக்கமாகத்தான் ஏதோ சொன்னார். முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் சொன்னதைவிட, மடியிலிருந்து இவன் சொன்னது உரக்கக் கேட்டது. கடைசியில் நர்ஸ் ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

அண்ணன் கையில் ஸ்டியரிங், அண்ணி கையில் குழந்தை. பின்சீட்டிலிருந்து நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“தாய்ப்பால் நிறுத்தவும். தயிர், வெண்ணெயும் கூடாது. ஒரு வாரம் பார்க்கவும்.”

ரெண்டு மாசப் பிள்ளைக்கு யார் தயிர் ஊட்டப் போறாங்க என்று அண்ணி அப்போதே கேட்டார். அப்படி ஊட்டுகிற வீடுகளுக்கும் சேர்த்து எழுதியிருப்பார் என்றான் அண்ணன். அவனிடம் எதற்கும் பதில் உண்டு. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். எழுதிக் கொடுத்தபடியே செய்யச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

எழுதிக் கொடுத்தபடியே செய்தோம். பிள்ளைக்குப் பால்மாவு. பால் கட்டிக் காய்ச்சலில் கிடக்கும் அண்ணிக்கு, உடம்பு தேற, வேளைக்கொரு டம்ளர் பசும்பால். அழுகை கேட்கும்போதெல்லாம் அண்ணி துண்டு கேட்பார். இதுவரை ஒன்பது துண்டு கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் நனைந்தே திரும்பி வருகிறது.

சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத் தவளை ஒன்றின் வயிற்றுக்கடியில்.

கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. அழுகையே தேவலாம் என்று தோன்றியது.

அண்ணன் குழந்தையின் துணியை அவிழ்த்துப் பார்த்தான். கோடு இப்போது கோடாக இல்லை. கார் சாவியைத் தேடினான்.

கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது. திறக்க வேண்டாமாம். சீட்டை மட்டும் தரவேண்டுமாம்.

தவளையை நகர்த்தினேன். சீட்டைக் கதவிடுக்கில் தள்ளினேன்.

உள்ளே விளக்குப் போடும் சத்தம் கேட்டது.

“தம்பி, எல்லா எழுத்தும் நீலமா இருக்கு. நடுவுல ஒரு ‘ப்’ மட்டும் ஏன் சிவப்பு?”

என் கை சட்டைப் பைக்குப் போனது.

அந்த ‘ப்’பை அண்ணி விரலால் மறைத்துக்கொண்டிருக்க வேண்டும். நர்ஸ் எழுதித் தந்ததை, தந்தபடியே படித்தார். முதல் சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு.

“தாய்... பால் நிறுத்தவும்.”

தயிரும் வெண்ணெயும் யாருக்குக் கூடாது என்பது எனக்கும் இப்போதுதான் புரிந்தது. வேளைக்கொரு டம்ளரும். புட்டியில் கரைத்த மாவும் அதே பசும்பால்தான்.

கல்லூரி இதழுக்குப் பிழை திருத்துகிறவன் நான். ஒற்று விட்டுப்போன சொல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஓடுகிற காரின் பின்சீட்டிலும் இருக்காது. சிவப்புப் பேனா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இப்போதும் இருந்தது.

“திற.”

நான்கு நாளில் முதல்முறையாக ‘ங்க’ இல்லை.

கெஞ்சினால்தான் திறக்கக் கூடாது என்பது பேச்சு. இது கெஞ்சல் இல்லை.