மகள் விரும்பிய அறை

“சுவருக்குக் கறுப்பு அடிச்ச வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? நீங்களே சொல்லுங்க!”

பரீதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே கால் வைத்தால் ஜின் பிடித்துவிடும் என்பது அவள் கட்சி.

அவள் கணவர் ஸெய்னுதீன் ஏணியைப் பிடித்தபடி சிரித்தார். ஏணியில் நின்ற தச்சர், சன்னலின் மேல் கூரான மரவளைவு ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

“இதுக்குப் பேர் கோதிக் ஸ்டைல். வெளிநாட்டில பழைய அரண்மனையெல்லாம் இப்பிடித்தான். உன்ட மகள்தான் ஆசைப்பட்டவள்.”

“அவள் ஃபோனில படம் காட்டிக் கேட்டது ஒரு சுவரும் ஒரு கண்ணாடியும். நீங்க முழு அறையையும் கோட்டை நிலவறை மாதிரி ஆக்கிட்டீங்க. சீலிங் மட்டும்தான் மிச்சம்!”

“நாளைக்கு இந்த வீடே அவளுக்குத்தானே? அவள்ட விருப்பப்படி இருக்கட்டும்.”

அது உண்மைதான். அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். அதனால் வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கிறார்களோ இல்லையோ, வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். உட்துறைமுக வீதியில், கப்பல் தெரிகிற மாடிவீடு. பார்த்த உடனே எல்லாருக்கும் வாயெல்லாம் பல். அந்த அறைக்கதவைத் திறந்ததும்தான் முகம் சுருங்கும்.

பெண் பார்க்க வந்த புல்மோட்டைக்காரர் கறுப்புச் சுவரைக் கண்டதும் தேநீரைக் குடிக்காமலே எழுந்தார்கள். அவர்கள் போன கையோடு ஸெய்னுதீன் கருஞ்சிவப்புத் திரை வாங்கிப் போட்டார். மூதூர்க்காரர், “பிள்ளைக்கு ஏதும் வருத்தமா? மருந்து எடுக்கிறாவா?” என்று புரோக்கர் நஸ்ரியிடம் கேட்டார்களாம். அதன் பிறகு இரும்பு மெழுகுதிரித் தாங்கியும், கோபுரம் போலக் கூர்வைத்த தலைமாட்டோடு ஒரு கட்டிலும் வந்து சேர்ந்தன. மனுஷனுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

அன்று பின்னேரம் மகள் பஹ்மியா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, அறையைப் பார்த்தபடி நின்றாள்.

“வாப்பா, வெள்ளை அடிச்சிருவம்.”

“ஏன் மகள்? உனக்குப் பிடிச்ச அறைதானே?”

“பிடிக்கும்தான். ஆனா உம்மா ஒவ்வொரு நாளும் அழுறா. எனக்கும் வயசு முப்பத்திரண்டாகுது. என்னோட படிச்சவளுகள்ட பிள்ளைகள் இப்ப என்னட்டயே படிக்க வருதுகள்.” அவள் வாப்பா பக்கம் திரும்பினாள். “எனக்கும் ஒரு வாழ்க்கை வேணும் வாப்பா.”

ஸெய்னுதீன் அவள் தலையைத் தடவினார்.

“உன்ட விருப்பத்தை மதிக்காதவன் உனக்கு எதுக்கு? உன்னை விளங்கின ஒருத்தன் வருவான். அதுவரைக்கும் இந்த அறையில கைவைக்க ஒருத்தரையும் விடமாட்டன்.”

பஹ்மியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு வாப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிண்ணியாவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் றுவைஸ். கட்டடங்களுக்குப் படம் வரைகிறவன். அவனுடைய தாய் அறை வாசலில், “யா அல்லாஹ்!” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் மட்டும் உள்ளே போனான். சன்னல் வளைவை அண்ணாந்து பார்த்தான். கட்டில் தலைமாட்டின் கூர்முனையை விரலால் மெல்லத் தடவினான். குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பஹ்மியா கதவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே வந்தான்.

“இதுவும் போச்சு,” என்று பரீதா தொழுகைப் பாயை விரித்து உட்கார்ந்தாள். “யா அல்லாஹ், என்ட பிள்ளைக்கு ஒரு வழியைக் காட்டு.”

மஃரிப் தொழுகை முடிந்து சற்று நேரத்தில், மாடியில் கதிரை போட்டுத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஸெய்னுதீனின் ஃபோன் அடித்தது. நஸ்ரிதான்.

“காக்கா, நல்ல செய்தி! பொடியன் ஓம் எண்டுட்டான். அந்த அறையைப் பார்த்துத்தான் ஓம் எண்டவனாம்! ‘இப்பிடி ரசனை உள்ள பிள்ளைதான் எனக்கு வேணும்’ எண்டு தாயோட சண்டையே பிடிச்சானாம். இப்ப தாய்க்கும் சம்மதம். நாள் வைக்க எப்ப வரச் சொல்ல?”

ஸெய்னுதீன் படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். கீழே, மாடிப்படி தொடங்கும் இடத்தில் பஹ்மியா வந்து நிற்பது தெரிந்தது.

“சொல்லுங்க காக்கா, கேக்குதா?”

“கேக்குது நஸ்ரி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மகளுக்குப் பொடியனைப் பிடிக்கல்லயாம். அவள்ட விருப்பத்துக்கு மாறா நான் நடக்க ஏலாதே.”

ஃபோனை அணைத்தார். போன வருடம் மகளுக்குக் கலியாணம் முடித்து வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, இப்போது குசினிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, மின்விசிறி போடவும் மருமகனின் முகத்தைப் பார்க்கிற தன் கூட்டாளியை நினைத்துக்கொண்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய மாடியில் கதிரையை இன்னும் கொஞ்சம் வசதியாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆர் வாப்பா ஃபோனில?” பஹ்மியா படியேறி வந்துவிட்டாள்.

“நஸ்ரிதான் மகள். அவங்களும் வேணாம் எண்டுட்டாங்களாம்.” அவர் எழுந்து அவள் தலையைத் தடவினார். “நீ கவலைப்படாத. நாளைக்கே சீலிங்குக்கும் கறுப்பு அடிச்சிருவம்.”