தாண்டிப் போகும் கேள்வி

மதியமானால் அலுவலகத்தில் "சாப்டாச்சா?" என்ற கேள்வி மேசை மேசையாகப் போகும். தணிகைவேலின் மேசையை மட்டும் தாண்டிவிடும். அவ்வளவு பருத்த உடம்பைப் பார்த்துக்கொண்டு அதை யார் கேட்பார்கள்? மனநல ஆலோசனைக்குத் தொலைபேசியில் அழைத்த முதல் நாள், வணக்கம் சொன்னதுமே மறுமுனையில் பேசிய பெண், "சாப்டீங்களா சார்?" என்றாள். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். அதன்பின் வாரந்தோறும் பேசினார். உடம்பைப் பற்றி மட்டும் சொல்லவே இல்லை. "ஒரு தடவ நேர்ல வாங்களேன் சார்," என்றாள். போனார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, வாசலைப் பார்த்துக் காத்திருந்த அவள் கண்கள் அவரைத் தாண்டித் தெருவுக்குப் போயின. தணிகைவேல் படியிறங்கி, மரத்தடியில் நின்று அவளைத் தொலைபேசியில் அழைத்தார். "எங்க சார் வந்துட்டிருக்கீங்க? சாப்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா," என்றார்.