நீக்கப்பட்ட பேச்சு

தீப்பிடித்த ஞாயிறன்று பட்டாசு ஆலைக்குள் யாருமே இல்லை என்று அமைச்சர் சட்டமன்றத்தில் வாசித்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் திலகவதி எழுந்தார்.

“யாருமே இல்லையா? உள்ள கருகிப்போன தாவீதோட சம்சாரம் மேல பார்வையாளர் மாடத்துல உக்காந்திருக்காங்க. அவங்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

“அடுத்த தேர்தலுக்கு வேட்பாளரக் கூட்டியாந்துட்டாங்கப்பா!” என்றார் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர். சிரித்தார்கள்.

மாடத்தில் இருப்பவரைச் சுட்டிப் பேசுவது விதிமீறல் என்று, பேரவைத் தலைவர் திலகவதியின் பேச்சை அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். என்னோடு என் கணவர் பெயரும் போயிற்று. அடுத்த கேள்வி ஏதோ பாலத்தைப் பற்றியது.

நான் எழுந்து நின்றேன்.

“உக்காருங்கம்மா, என் வேலை போயிரும்” என்றார் காவலர்.

“தாவீது!” என்று கத்தினேன். கீழே குறிப்பெழுதுபவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பேனா தாளைத் தொடாமல் நின்றது.